டயானா: உணர்ச்சி மிகுந்த ஒரு சுபாவமும் அதற்கு ஒத்துப்போன, ஒத்துப்போகாத பழக்கங்களும்

"எனக்கு எந்த டயட் ஒத்துக்கும்?" என்று கேட்பவர்கள் எடையைச் சொல்வார்கள், சர்க்கரை அளவைச் சொல்வார்கள். சுபாவத்தைச் சொல்லிக் கேட்பவர்கள் அபூர்வம். சட்டென்று கண் கலங்குகிறவர், சந்தோஷம் வந்தால் வீடே அதிரப் பேசுகிறவர், யாரோ சொன்ன ஒரு வார்த்தை தைத்துவிட்டால் அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருப்பவர் ஒருவர். எது நடந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறவர் இன்னொருவர். இருவர் கையிலும் ஒரே அட்டவணையைத்தான் கொடுக்கிறோம். முதல் ஆள் அதைத் தொடர முடியாமல் விட்டால் மன உறுதி போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

இதைப் பேச இளவரசி டயானாவை எடுத்துக்கொள்கிறேன். தன் உணவுச் சிக்கலை அவர் தன் வாயாலேயே விரிவாகச் சொல்லியிருக்கிறார். 1991-இல் ஓர் எழுத்தாளருக்காக ரகசியமாகப் பதிவு செய்து கொடுத்த ஒலிநாடாக்கள் இருக்கின்றன. 1995 நவம்பர் 20 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒளிபரப்பான பேட்டி இருக்கிறது. அந்தப் பேட்டியை வாங்க நிருபர் மோசடியான வழிகளைக் கையாண்டார் என்று 2021-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகு அதை முழுசாக மறுஒளிபரப்புவதில்லை என்று பிபிசி அறிவித்தது. ஆனாலும் நோயைப் பற்றி அதில் அவர் சொன்னது அவருடைய அனுபவம்தான். சமையல்காரர், நடன ஆசிரியை போன்றவர்களும் பின்னாளில் பேசியிருக்கிறார்கள். இந்த நிகழ்வு ஆய்வுக்கு ஆதாரம் இவ்வளவே. மருத்துவக் கோப்பு எதையும் வைத்து இது எழுதப்படவில்லை.

சுபாவம்

1961 ஜூலை 1-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்தார்கள். பள்ளியில் படிப்பைவிட நடனத்தில்தான் ஈடுபாடு. பாலே ஆடுபவராக வேண்டும் என்ற ஆசைக்கு உயரம் குறுக்கே வந்தது. சுமார் 178 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பு லண்டனில் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலை.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு 1987 ஏப்ரலில் நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான வார்டைத் திறந்துவைக்கப் போனவர், கையுறை போடாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று மக்கள் நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. "நான் தலையால் அல்ல, இதயத்தால் நடப்பவள்" என்ற பொருளில் 1995 பேட்டியில் அவரே சொன்னார்.

உளவியலில் இப்போது அதிகம் பயன்படும் ஐந்து பண்பு அளவுகோலை வைத்துப் பார்த்தால், இவரிடம் இரண்டு பண்புகள் தூக்கலாகத் தெரிகின்றன. மனிதர்களை நாடிப் போகும் இயல்பு ஒன்று. சின்னக் காயமும் ஆழமாக இறங்கும் இயல்பு இன்னொன்று. இது வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதுதான், பரிசோதனை முடிவு கிடையாது. "இந்த டைப்" என்று ஆளைப் பெட்டிக்குள் அடைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பண்புகள் கூடக்குறைய எல்லோரிடமும் உண்டு.

1981 முதல் 1988 வரை

1981 பிப்ரவரியில் பிரிட்டன் இளவரசர் சார்லஸோடு நிச்சயதார்த்தம். அப்போது அவருக்கு வயது 19. அதற்கு ஒரு வாரம் கழித்து உணவுச் சிக்கல் தொடங்கியதாக ஒலிநாடாவில் சொல்கிறார். வருங்காலக் கணவர் இடுப்பில் கை வைத்து, கொஞ்சம் சதை போட்டிருக்கிறதே என்பதுபோல ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். வேறு ஒருத்தி சிரித்துக்கொண்டே தட்டிவிட்டுப் போயிருப்பாள். இவருக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஜூலை 29 கல்யாணத்துக்குள் உடல் இளைத்துக்கொண்டே போனதில் மணப்பெண் உடையைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வந்த நோய் புலிமியா. கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்ச்சியில் அதை வெளியேற்றுவது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்துப் பெயர் வைத்ததே 1979-இல்தான். அரண்மனையில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாமல் இருந்திருந்தால் வியப்பில்லை.

பேட்டியில் அவர் சொன்ன ஒரு விவரம்தான் என்னை இந்த ஆய்வுக்கு இழுத்தது. பகல் முழுக்க நோயாளிகளுக்கும் துயரத்தில் இருப்பவர்களுக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு வீடு திரும்புவாராம். அவ்வளவு பேருக்கு ஆறுதல் சொன்ன பிறகு தனக்கு எப்படி ஆறுதல் சொல்லிக்கொள்வது என்று தெரியாது. நேரே ஃப்ரிட்ஜைத் திறப்பதே வழக்கமாகிவிட்டது. வயிறு நிறையும்போது யாரோ இரு கைகளால் அணைத்துக்கொண்டதுபோல் இருக்கும், ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான் என்றார்.

இதைக் கட்டுப்பாடு இல்லாத ஒருத்தியின் கதையாகப் படிப்பது தவறு. நாள் முழுக்க நின்று, சிரித்து, சோர்வைக் காட்டாமல் வேலை பார்த்தவர் அவர். கட்டுப்பாடு வேண்டிய மட்டும் இருந்தது. பகலில் உள்வாங்கிய அத்தனை பேரின் துக்கமும் போய் இறங்க ஓர் இடம்தான் இல்லை. வீடு திரும்பியதும் ஃப்ரிட்ஜ் அந்த இடமானது.

சாப்பாடு மனதை ஆற்றுமா? 2014-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரேசி மேனும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். மனம் வாடும்படியான காட்சிகளைக் காட்டிவிட்டு, சிலருக்கு அவர்களுக்கு ரொம்பப் பிடித்த ஆறுதல் உணவைக் கொடுத்தார்கள், சிலருக்கு வேறு உணவு, சிலருக்கு எதுவுமே இல்லை. எல்லோருடைய மனநிலையும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியது. நேரம் செய்த வேலைக்கான பெயரைச் சாப்பாடு தட்டிக்கொண்டு போகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். மனம் கனத்த நேரத்தில் முறுக்கு டப்பாவைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் செய்தியைத் திட்டாமல் சொல்ல வேண்டும். இருபது நிமிஷம் தாண்டினால் முறுக்கு இல்லாமலும் மனம் கொஞ்சம் தேறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சாப்பிடாமல் இருந்து சமாளிக்கலாம் என்ற யோசனையும் இந்தச் சுபாவத்துக்கு ஆகாது. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த பழைய சோதனை ஒன்று உண்டு. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்க்ரீமை வைத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் மில்க்ஷேக் குடித்ததால் ஐஸ்க்ரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம் முறிந்துவிட்டது, இனி என்ன என்ற நினைப்பு. சின்னத் தவறையே பெரிய தோல்வியாக உணர்கிற ஒருவரிடம் இந்த நினைப்பு எவ்வளவு வேகமாக வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாப்பாட்டு மேசையில் கிடைத்த பேச்சையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "இந்தச் சாப்பாட்டையும் அப்புறம் வீணாக்கப் போகிறாயா?" என்று வீட்டுக்குள்ளேயே கேட்டதாகவும், அதுவே ஓர் அழுத்தமாக இருந்ததாகவும் டயானா சொல்கிறார். நோயைக் காரணம் காட்டித் தன்னை நிலையில்லாதவள் என்று முத்திரை குத்திவிட்டார்கள் என்ற ஆதங்கமும் அந்தப் பேட்டியில் இருக்கிறது. நம் வீடுகளில் இதே பேச்சு வேறு சொற்களில் தினமும் நடக்கிறது. "மறுபடியும் தட்டை நிரப்புறியா", "இவ்வளவுதான் சாப்பிடுவியா", "போன தடவை பார்த்தப்ப இளைச்சிருந்தியே". சொல்கிறவர் மறந்துவிடுவார். கேட்டவர் அடுத்த வேளை தனியாகச் சாப்பிட ஆரம்பிப்பார்.

நடனம்

இதே ஆண்டுகளில் அவருக்குப் பொருந்திய ஒரு பழக்கமும் இருந்தது. 1981 முதல் லண்டன் சிட்டி பாலேயைச் சேர்ந்த ஆன் ஆலன் என்ற ஆசிரியையிடம் வாராவாரம் தனியாக நடனம் கற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் தொடர்ந்த வகுப்பு. பூட்டிய அறை, நம்பகமான ஆசிரியை, பியானோ. அவர் ஆடுவதை யாரும் படம் எடுக்கவில்லை, எடை பார்க்கவில்லை.

1985 டிசம்பரில் ராயல் ஓபரா ஹவுஸில் நடந்த ஒரு தனி நிகழ்ச்சிக்காக வெய்ன் ஸ்லீப் என்ற நடனக் கலைஞரோடு சேர்ந்து ரகசியமாக ஒத்திகை பார்த்தார். அன்று மாலை கணவருக்குப் பக்கத்தில் அரச குடும்பத்துக்கான மாடத்தில் உட்கார்ந்திருந்தவர் பாதியில் எழுந்து போனார். சற்று நேரத்தில் மேடை உடையில் வந்து நின்றார். ஸ்லீப் அவரைவிட ரொம்பக் குள்ளம். அந்த உயர வித்தியாசத்தையே நடனத்துக்குள் விளையாட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். கைதட்டல் நிற்காததால் எட்டு முறை திரும்ப வந்து வணங்கினார்களாம். மாடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்த உடம்பும் மேடையில் ஆடிய உடம்பும் ஒன்றுதான். எது அவருக்கு இயல்பு என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த எட்டு முறை வணங்கிய காலத்திலும் நோய் இருந்தது. பொருத்தமான உடற்பயிற்சி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் உணர்ச்சிக்கு வழி கிடைத்தது, மிச்ச நேரமெல்லாம் அடைத்துக்கொண்டது. நோய் என்று வந்துவிட்டால் மருத்துவம்தான் முதலில்.

அது 1988-இல் நடந்தது. மருத்துவரைப் பார்க்காவிட்டால் பத்திரிகைகளிடம் சொல்லிவிடுவேன் என்று நெருங்கிய தோழி ஒருவர் பிடிவாதம் பிடித்தார். டயானா மாரிஸ் லிப்செட்ஜ் என்ற மனநல மருத்துவரிடம் போனார். வாரம் ஒரு முறை அவரோடு உட்கார்ந்து பேசினார். மெல்லத் தேறியதாக டயானாவே சொல்கிறார். இடையில் சறுக்கல்களும் இருந்தன.

அவருக்கு என்ன முறையில் சிகிச்சை நடந்தது என்ற விவரம் பொதுவெளியில் இல்லை. அதே 1980-களில் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை இன்றைக்கும் புலிமியாவுக்கு முன்னணிச் சிகிச்சையாக இருக்கிறது. அதன் முதல் படி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது: நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று வேளை சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறுதீனி, விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதே. என்ன சாப்பிடுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். பசியும் வருத்தமும் ஒரே நேரத்தில் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வதே இதன் சூட்சுமம்.

சமையலறையும் ஜிம்மும்

1993 முதல் 1997 வரை கென்சிங்டன் அரண்மனையில் அவருக்குச் சமைத்தவர் டேரன் மெக்ரேடி. குடைமிளகாயிலும் கத்தரிக்காயிலும் பூரணம் வைத்துச் செய்தது, மீன், முந்தின நாள் இரவே ஊறவைத்த ஓட்ஸ் ஆகியவை அவர் விரும்பியவை என்கிறார். சிவப்பு இறைச்சியை விட்டுவிட்டாராம். பிரெட் அண்ட் பட்டர் புட்டிங் என்றால் மிகவும் பிடிக்குமாம். அது தடை செய்யப்பட்ட பண்டமாக இல்லை. சமையலறைக்கு வந்து பேசிக்கொண்டே அங்கேயே சாப்பிடுவதும் உண்டு. முன்பு யாருக்கும் தெரியாமல் ஃப்ரிட்ஜைத் திறந்த அதே ஆள். இப்போது அடுப்படியில் ஆள் இருக்கும்போது, பேச்சுக்கு நடுவே, சூடாகச் சாப்பிடுகிறார். தட்டில் இருந்த பண்டங்களைவிட இந்த மாற்றத்துக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

"கொழுப்பை நீங்க பாத்துக்குங்க, மாவுச்சத்தை நான் ஜிம்மில் பாத்துக்கறேன்" என்ற மாதிரி அவர் சொன்னதையும் மெக்ரேடி நினைவுகூர்கிறார். பலர் இதை ரசித்து எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சின்ன உறுத்தல் உண்டு. சாப்பிட்டதை உடற்பயிற்சியால் கழிக்கும் கணக்கு, உணவுச் சிக்கலிலிருந்து மீண்டவர்களிடம் கவனமாகப் பார்க்க வேண்டிய கணக்கு.

உடற்பயிற்சிக்கு அவர் முன்பிருந்தே காலையில் நீந்துவார். 90-களில் செல்சி ஹார்பர் கிளப்பில் ஜிம்முக்கும் போனார். சைக்கிளிங் ஷார்ட்ஸும் தொளதொள ஸ்வெட்ஷர்ட்டுமாக அவர் காரிலிருந்து இறங்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் படங்களைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேட்டுப் பெறாத படங்கள் அவை. 1993 நவம்பரில் இதைவிட மோசமான ஒன்று நடந்தது. வேறொரு ஜிம்மின் உரிமையாளர் கூரையில் கேமராவை ஒளித்துவைத்து அவர் உடற்பயிற்சி செய்வதைப் படமெடுத்து விற்க, சண்டே மிரர் முதல் பக்கத்தில் போட்டது. டயானா வழக்குப் போட்டார். 1995-இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வானது. படங்கள் வந்த அடுத்த மாதமே, 1993 டிசம்பர் 3 அன்று, பொது வாழ்க்கையிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொள்வதாக அறிவித்தார். அந்த முடிவுக்குக் காரணங்கள் பல இருந்தன. ஆனால் நிம்மதியாக வியர்வை சிந்தும் இடத்திலும் யாரோ ஒளிந்து பார்த்தார்கள் என்பது இந்தச் சுபாவத்துக்கு எப்படிப்பட்ட அடி!

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நேராகப் பொருந்துகிறது. 132 பேரின் சுபாவத்தை அளந்துவிட்டு, ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் வீட்டிலேயே சைக்கிள் பயிற்சியும் வலுப்பயிற்சியும் கொடுத்தார்கள். மனிதர்களை நாடும் சுபாவம் கூடியவர்கள் மூச்சிரைக்கும் கடும் பயிற்சியை ரசித்தார்கள். கவலையும் உணர்ச்சி அலைக்கழிப்பும் கூடியவர்களுக்குத் தனிமையும், நீளாமல் துண்டு துண்டாகச் செய்வதும், யாரும் கண்காணிக்காததும் பிடித்திருந்தது. மன அழுத்தம் அதிகம் குறைந்ததும் இவர்களிடம்தான். இரண்டு பண்பும் ஒரே ஆளிடம் இருந்தால்? டயானாவின் கதையே பதில் சொல்கிறது. ஆட்டத்துக்கும் நீச்சலுக்கும் தனிமை, மேடைக்குத் தானே தேர்ந்தெடுத்த நாள். பார்க்கப்படுவதில் அவருக்கு வெறுப்பு இல்லை. எப்போது, யாரால் என்பது தன் கையில் இருக்க வேண்டும்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது

சுபாவத்துக்கு ஏற்ற உணவு என்றதும் ரத்த வகைக்கு ஏற்ற டயட், மரபணு டயட் என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். ரத்த வகை டயட்டை 2014-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் 1,455 பேரிடம் பரிசோதித்தார்கள். கிடைத்த பலனுக்கும் ரத்த வகைக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், யாருக்குக் கொழுப்பைக் குறைப்பது நல்லது, யாருக்கு மாவுச்சத்தைக் குறைப்பது நல்லது என்பதை மரபணு வகையால் கணிக்க முடியவில்லை. பண்டத்தைச் சுபாவத்தோடு பொருத்தும் பட்டியல்களையும் நான் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இட்லி எல்லோருக்கும் இட்லிதான். எப்போது, யாரோடு, எந்த மனநிலையில் சாப்பிடுகிறோம் என்பதில்தான் சுபாவம் வேலை செய்கிறது.

ஆகவே இப்படிப்பட்டவர் என்னிடம் கேட்டால் முதலில் மாலை நேரத்தைப் பற்றித்தான் விசாரிப்பேன். நாளின் சுமையெல்லாம் வந்து சேரும் நேரம் அது. மதியம் அரைகுறையாகச் சாப்பிட்டவர் ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடும் கனத்த மனதோடும் வீட்டுக்கு வந்தால் எந்த அட்டவணையும் நிற்காது. வேலையிடத்திலேயே நாலரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ, இரண்டு இட்லியோ, கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமுமோ வயிற்றுக்குள் போயிருக்கட்டும். வீட்டுக்குள் வந்ததும் சமையலறைக்கு முன்பு வேறொரு நிறுத்தம் வேண்டும். தோழிக்கு ஒரு போன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பாட்டுக்கு ஆட்டம். தெருவைச் சுற்றி ஒரு நடை. எது என்பது அவரவர் விருப்பம். அன்றைய உணர்ச்சி அதில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் எடை பார்ப்பதையும் கலோரி எண்ணும் செயலியையும் இவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு அந்த எண் வெறும் தகவல். இவர்களுக்கு அது தீர்ப்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்தால் போதும்.

உடற்பயிற்சியில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு. அதை எப்படி நிரப்புவது என்பதில் முழுச் சுதந்திரம் உண்டு. பரதம், கும்மி, சிலம்பம், நீச்சல், பாட்டோடு நடை, எதுவும் கணக்கில் சேரும். கண்ணாடிச் சுவருக்கு முன்னால் இருபது பேர் பார்க்க ஓடுவது கூச்சமாக இருந்தால் ஜிம் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சாப்பிட்டதை வெளியேற்றுவது, மறைந்து சாப்பிடுவது, சாப்பிட்ட குற்றத்துக்காக உடம்பை வருத்துவது என்று வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

இந்த ஆய்வின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இது ஒரே ஒரு ஆளின் வாழ்க்கை. சமையல்காரரும் தனி நடன ஆசிரியையும் கிடைத்த வாழ்க்கை. உணவுச் சிக்கல்களில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, சுபாவம் மட்டும் காரணமாகாது. அவர் மீண்டதில் சிகிச்சைக்கு எவ்வளவு பங்கு, அந்தத் தோழிக்கு எவ்வளவு பங்கு, வாழ்க்கைச் சூழல் மாறியதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட முடியாது.

1996-இல் விவாகரத்துக்குப் பிறகு சுமார் நூறு அமைப்புகளின் புரவலர் பொறுப்பை விட்டவர், ஆறை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஆறில் இங்கிலீஷ் நேஷனல் பாலேவும் ஒன்று. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1993 ஏப்ரலில், லண்டனில் நடந்த உணவுச் சிக்கல்கள் குறித்த மாநாட்டில் எழுந்து நின்று இந்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருந்தார். பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களுடைய பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2005-இல் வந்தது. புதிதாகப் பதிவான புலிமியா நோயாளிகளின் எண்ணிக்கை 1996 வரை ஏறி, பிறகு இறங்கியது என்று அது காட்டியது. டயானா பேசியதைக் கேட்டு, அதுவரை மறைத்து வைத்திருந்தவர்கள் மருத்துவரிடம் வந்தது அந்த ஏற்றத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.